தொண்டன் ஒன்பது

தேவாசீர்வாதம் வாத்தியாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரைப் புதிதாகச் சந்தித்தாலும் முழுப் பெயரைக் கேட்பார். அப்பா பெயர், ஊர் எல்லாம் சேர்ந்தால்தான் அவருக்கு அது முழுப் பெயர். கடலை விற்பவர், செருப்புத் தைப்பவர், பிரஸ்ஸுக்கு லோடு இறக்க வந்தவர், ஒருவரையும் விடமாட்டார். கேட்டபின் அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பார். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்தப் பெயர் பிசகாமல் வரும்.

1951இல் அவர் சிவகாசியில் எங்கள் தெருவுக்குக் குடிவந்ததிலிருந்து 1967இல் இறக்கும்வரை இதைப் பார்த்திருக்கிறேன். பலருக்கு இது பிடிக்காது. ஒருமுறை சாத்தூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டுவிட்டார்.

"அப்பன் பேரைக் கேட்டுச் சாதி பாக்கீகளாக்கும்?" என்றார் கண்டக்டர்.

"இல்லய்யா. சும்மா, தெரிஞ்சு வச்சுக்கிடத்தான்."

"எதுக்கு, சம்மன் அனுப்பவா?"

பஸ்ஸே சிரித்தது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவரும் சிரித்தார்.

எனக்கும் அந்தப் பழக்கம் கூச்சமாகத்தான் இருந்தது. என் அப்பா ஒரு பண்ணையில் கூலியாக இருந்தவர். அம்மா தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி ஒட்டியவள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊரும் அப்பா பெயரும் சேர்ந்தால் என்ன தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். வாத்தியாருக்கு மட்டும் ஏன் அது தெரியவில்லை என்று நினைத்திருக்கிறேன். அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது என்பதும், ஒரு காலத்தில் அதனாலேயே பெயர்களைச் சொல்லக் கூடாது என்று கட்டளையிட்டவர் அவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

*

அவர் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தார். மனைவி பாக்கியவதி ஆஸ்பத்திரி நர்ஸ். 1942ஆம் ஆண்டு ஆவணி மாதம், சாத்தூர்ச் சந்தையில் கொடியோடு ஊர்வலம் போய்ப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்காருவது என்று முடிவானது. அவர் தலைவர், தொண்டர்கள் பதினான்கு பேர். யாரும் கை ஓங்கக் கூடாது, அடித்தால் எழுந்து ஓடக் கூடாது. இவை எல்லாரும் அறிந்த விதிகள். வாத்தியார் இன்னொரு விதியையும் சேர்த்தார்.

அந்த மாதங்களில் தொண்டர் புறப்பட்ட ஊர்களுக்கெல்லாம் அரசாங்கம் ஊர் மொத்தத்துக்கும் தண்டம் போட்டுக்கொண்டிருந்தது. கூலிக்காரன் பெயர் வெளியே தெரிந்தால் பண்ணையார் குடிசையைப் பிரித்துப் போடுவார். கோர்ட்டில் பெயரையும் அப்பன் பெயரையும் வைத்துச் சாதி பிரித்து எழுதுவார்கள். ஆகவே எவரும் பெயர் சொல்லக் கூடாது. பெயர் கேட்டால் தொண்டன், அப்பா பெயர் கேட்டால் பாரதம், ஊர் கேட்டால் இந்தியா.

பதினான்கு பேரும் அப்படியே சொன்னார்கள். தலையில் ரத்தம் காய்ந்திருந்த ஒருவர், மூன்று முறை கேட்டும் "தொண்டன், தொண்டன், தொண்டன்" என்றாராம். கோர்ட் குமாஸ்தா சலித்துப்போய் நம்பர் போட்டுவிட்டார். தொண்டன் ஒன்று, தகப்பனார் பாரதம். தொண்டன் இரண்டு, தகப்பனார் பாரதம். இப்படிப் பதினான்குவரை. அதையும் இங்கிலீஷில் எழுதினார். யாருக்கு எந்த நம்பர் என்று அவர்களுக்கே தெரியாது.

வாத்தியாரைப் போலீசுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் பெயர் மட்டும் சரியாகப் பதிவானது. தொண்டர்களுக்கு ஆறு மாதக் கடுங்காவல், மதுரையில். அவருக்கு ஒரு வருடம். படித்தவர் என்பதால் பி கிளாஸ் கொடுத்து வேலூருக்கு அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் இருந்தார்கள். அவருக்கு அப்போது காய்ச்சல், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அங்கே கட்டிலும் கொசுவலையும் இருந்தன.

விடுதலையாகி வந்தபோது பள்ளிக்கூடம் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. பாக்கியவதியின் சம்பளத்தில் சில வருடம் ஓடியது. பிறகு சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் புரூப் பார்க்கும் வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், காலண்டர். காலண்டருக்காகச் சாமி படங்களும் தலைவர்கள் படங்களும் ஒரே கொடியில் ஈரம் காயும். அதன் கீழே உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்ப்பார்.

*

1950இல் தீபாவளிக்கு முந்தின மாதம், ஒல்லியான ஒரு மனிதர் பிரஸ் வாசலில் வந்து நின்றார். ஏழாயிரம்பண்ணையிலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னார்.

"வாத்தியாரய்யா, என்னைத் தெரியுதா?"

"முகம் தெரியுது. பேரு..."

"பேரு உங்களுக்குத் தெரியாதய்யா. நீங்கதான் பேரைச் சொல்லாதீகன்னு சொல்லிட்டீகளே."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் பெயர் ஊர்க்காவலன், தகப்பனார் சங்கிலிமுத்து. சந்தையில் வாத்தியாருக்கு இரண்டாள் தள்ளி உட்கார்ந்திருந்தவர். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். அவர் ஒருவர், இன்னொருவர் வெள்ளைத்துரை. மற்றப் பன்னிரண்டு பேரும் சாத்தூரைச் சுற்றியவர்கள். சிறையில் அவர்கள் ஒரே கொட்டடியில் இருந்தார்கள். இந்த இருவரையும் மட்டும் வேறு கொட்டடியில் போட்டிருந்தார்கள்.

ஊர்க்காவலன் வந்த காரியம் சின்னது. "நான் மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்னு ஊர்ல பேசுதாக. நான் எழுதிக் குடுக்கலைய்யா. ஆறு மாசமும் இருந்தேன். நீங்க ஒரு நடை வந்து, டீக்கடையில நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நீங்க சொன்னா நம்புவாக."

"வர்றேன்," என்றார் வாத்தியார்.

அது காலண்டர் சீசன். அதன்பின் பாக்கியவதிக்கு உடம்பு சரியில்லை. இவை காரணங்கள்தான், உண்மையான காரணம் வேறு என்று பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். "நான் வேலூர்ல இருந்தவன். மதுரையில யாரு எழுதிக் குடுத்தா, யாரு குடுக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒண்ணைக் கடையில நின்னு சொல்லணும். அதான் கால் எழும்பலை."

சிறைக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வர ஒன்றரை வருடம் ஆனது. பதினான்கு நம்பர்கள் வந்தன. அவற்றில் பதின்மூன்று பேர் ஆறு மாதம் முழுதும் இருந்தவர்கள். தொண்டன் பதினொன்று மட்டும் மூன்றாவது வாரத்தில் மன்னிப்பு எழுதிக் கொடுத்து விடுதலை. அந்தத் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். போகவேண்டும் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏழு வருடம் போய்விட்டது. 1957இல் ஊர்க்காவலன் இளைப்பு நோயில் இறந்துபோன செய்தி, ஒரு லோடுமேன் வழியாக வந்தது.

*

ஊர்க்காவலனின் மனைவி குருவம்மாள் 1961இல் வந்தார். அப்போது பட்டாசுக் கம்பெனியில் வேலை. கையில் மருந்தின் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. சிறை சென்றவர்களின் குடும்பத்துக்குப் புறம்போக்கில் இரண்டு ஏக்கர் கொடுக்கச் சொல்லி ஓர் உத்தரவு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார். கூடச் சிறையிருந்தவர், அல்லது தலைமை ஏற்றவர், சாட்சிப் பத்திரம் எழுதித் தரவேண்டும்.

"நிலம் கிடக்கட்டும்யா. அங்கன என்ன விளையப் போகுது, கரிசலும் கருவேலும். எனக்கு அந்தத் தாளு வேணும். சர்க்கார் முத்திரையோட. டீக்கடைச் சுவத்துல ஒட்டணும். பத்தொம்பது வருசமா நான் எழுதிக் குடுத்தவன் பொண்டாட்டி."

பிறகு நடந்ததைச் சொன்னார். ஆவணியில் போன ஊர்க்காவலன் மாசியில் திரும்பி வந்திருக்கிறார். அவர் வந்து பன்னிரண்டு நாள் கழித்து வெள்ளைத்துரை கதர்த்துண்டோடு வந்திறங்கினார். பிந்தி வந்தவர்தான் முழுசாக இருந்தவர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வெள்ளைத்துரை மறுக்கவில்லை. "ஊர்க்காவலன் பாதியில போயிட்டான், பாவம், எங்கன கிடந்தானோ," என்று மட்டும் சொன்னாராம். ஊர்க்காவலனும் தன்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாரே ஒழிய, வெள்ளைத்துரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாகும்போதுதான் மனைவியிடம் சொன்னார், எழுதிக் கொடுத்தது வெள்ளைத்துரை என்று.

"அப்பவே ஏம்மா சொல்லலை அவரு?"

"கேட்டேன். அவன் புள்ளை செத்துப் போச்சு, விடுன்னாரு."

வாத்தியார் குருவம்மாளை முழுக்க நம்பினார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்திரத்தின் வாசகம், 'தொண்டன் ஒன்பது என்று பதிவாகியிருப்பவர் இன்னார்தான் என்பதை நான் நேரில் அறிவேன்' என்று இருந்தது. மற்றப் பன்னிரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லி நம்பரைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவை ஒன்பதும் பதினொன்றும். ஊர்க்காவலன் இரண்டில் ஒன்று.

"ஒம்பதுன்னு போட்டு ஒரு கையெழுத்து. அம்புட்டுத்தான," என்றார் பாக்கியவதி.

"நேர்ல அறிவேன்னு இருக்கு. நான் நேர்ல என்னத்தை அறிஞ்சேன்? கொசுவலைக்குள்ள படுத்திருந்தேன்."

"அந்தம்மா பொய் சொல்லுதாங்கீகளா?"

"இல்ல. நான் பொய் சொல்லக் கூடாதுங்கேன்."

பாக்கியவதி கரண்டியைக் கீழே வைத்தார். "வெள்ளைக்காரன்கிட்ட உண்மை பேசுனது சரி. அவன் போயிப் பதினாலு வருசமாச்சு. இப்ப யாருகிட்டப் பேசிக்கிட்டு இருக்கீக?"

நானும் பாக்கியவதியின் பக்கம்தான் இருந்தேன். இப்போதும் இருக்கிறேனா என்று கேட்டால் உடனே பதில் வராது.

*

தாளை எப்படியும் வாங்கித் தருகிறேன் என்று குருவம்மாளிடம் சொல்லி அனுப்பினார். மிச்சமிருந்தது ஒரே வழி. வெள்ளைத்துரை தன் வாயால் 'நான் பதினொன்று' என்று சொல்லவேண்டும். ஏழாயிரம்பண்ணையில் அப்போது அவர் பெரிய ஆள். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் ஏஜெண்டு. அவருடைய வேன்தான் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், குருவம்மாளும் அதில்தான் போனார். ஆகஸ்டு பதினைந்தில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றுவது அவர். ஆனால் நிலத்துக்கு மட்டும் அவர் மனுப் போடவே இல்லை. பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்.

வாத்தியார் மூன்று வருடத்தில் ஆறேழு தடவை போனார். சிவகாசியில் பஸ் ஏறி, மாறி, மிச்சத்தை நடந்து. வெள்ளைத்துரை கம்பெனிக்குப் போயிருப்பார், அல்லது ஆர்டர் விஷயமாக வெளியூர் போயிருப்பார். 1965 தை மாதம் ஒரு நாள்தான் வீட்டில் அகப்பட்டார்.

"வாங்க வாத்தியாரய்யா. மோர் குடிக்கீகளா?"

"நீ ஒம்பதா, பதினொண்ணா?"

"என்னய்யா, பஸ் நம்பரா கேக்கீக?" என்று சிரித்தார். வாத்தியார் சிரிக்காததைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேலூர்ல உங்களுக்குக் கட்டில் போட்டிருந்தாகளாமே?"

"ஆமா."

"கொசுவலையும் உண்டாமே?"

"உண்டு."

"எனக்கு மதுரையில வார்டர் வந்து சொன்னான், ஆனைக்குட்டத்துல மாமனார் வீட்டுல எம் மகனுக்கு அம்மை போட்டிருக்குன்னு. நான் யாரைக் கேக்க? நீங்க இல்ல. இருந்திருந்தா எழுதிக் குடுக்காதன்னுதான் சொல்லியிருப்பீக. சரிதான?"

வாத்தியார் ஆமென்று தலையாட்டினார்.

"எழுதிக் குடுத்தேன். போய்ச் சேரும்போது புதைச்சு ரெண்டு நாளு. அங்கனயே கிடந்தேன். ஊருக்கு எந்த முகத்தோட வர? ஊர்க்காவலன் வந்துட்டான்னு தெரிஞ்ச பொறகுதான் வந்தேன். இதை அவன்கிட்டச் சொன்னேன். அவன் பெரிய மனுசன், வாயைத் திறக்கலை. போதுமாய்யா?"

"இதை நீ தாசில்தார் முன்னால சொல்லணும்."

"பங்குனியில எம் மகளுக்குக் கல்யாணம். தியாகி வீட்டுப் பொண்ணுன்னுதான் அவுக வர்றாக. இப்ப நான் போய் எழுதிக் குடுத்தவன்னு நின்னா, என்னத்துக்கு ஆகும்? முடியட்டும். நானே வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

வாத்தியார் அப்போது சொன்ன சொல்தான் பிறகு எல்லாவற்றையும் கட்டிப்போட்டது. "நீ உன் வாயால சொல்லுற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன்."

கல்யாணம் முடியும்வரை என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, தான் கட்டிலில் படுத்திருந்த நேரத்தில் இவன் பிள்ளை செத்திருக்கிறது என்ற நினைப்பைத் தவிர வேறெதுவும் அவருக்கு ஓடவில்லையாம். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம்கூட விவரம் சொல்லவில்லை. ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன், காத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"எந்தத் தேதி வரைக்கும்?" என்று கேட்டார் பாக்கியவதி.

"தேதி இல்ல."

"தேதி போடாம வாக்குக் குடுத்த ஆளை இப்பத்தான் பாக்கேன்."

பங்குனியில் கல்யாணம் முடிந்தது. ஆடி வந்தது. வெள்ளைத்துரை வரவில்லை. மகள் மாசமாக இருக்கிறாள், பிறக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். பேரன் பிறந்தான். சம்பந்தி வீட்டில் மனஸ்தாபம், தீரட்டும் என்றார். இப்படி இன்னொரு வருடமும் கழிந்தது.

*

நான் 1963இல் ஒரு தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். நில ஒப்படைப்பு மனுக்கள் என் மேஜைக்குத்தான் வரும். உத்தரவு 1967 ஜனவரியோடு முடிகிறது என்று சுற்றறிக்கை வந்தது. டிசம்பரில் ஒரு நாள் மதியம் வாத்தியார் பத்திரத்தோடு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

குருவம்மாள் சொல்லிச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார். பத்திரம் அழகான கையெழுத்தில் இருந்தது. தொண்டன் ஒன்பது என்பவர் ஊர்க்காவலன், தகப்பனார் சங்கிலிமுத்து, ஏழாயிரம்பண்ணை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடம் எழுதமாட்டேன் என்றவர் எழுதிவிட்டாரே என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன். அச்சடித்திருந்த 'நேரில் அறிவேன்' என்ற சொற்களை அடித்துவிட்டு 'அறிவேன்' என்பதை மட்டும் வைத்திருந்தார். 'தெரிய வந்த விதம்' என்ற ஏழாவது கட்டம் காலியாக இருந்தது.

"ஐயா, ஏழாவது கட்டம் நிரப்பலையே."

"அது அப்படித்தான் இருக்கும்."

"எப்படித் தெரியும்னு எழுதணும்யா. நேரில் அறிவேன்னு போட்டாப் போதும். எல்லாரும் அதைத்தான் போடுதாக."

என் பேனாவைத் திறந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். பத்திரத்தின் மேல் குனிந்து நின்றார். அவ்வளவு நேரம் ஒருவர் எழுதாமல் குனிந்து நின்று நான் பார்த்ததில்லை. பிறகு பேனாவை மூடி என் கையில் கொடுத்தார்.

"எப்படித் தெரியும்கிறதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லப்பா. தெரியும். நிச்சயமாத் தெரியும். நீ அப்படியே வாங்கிக்கோ."

நான் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தலைமைக் குமாஸ்தாவிடம் போனேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "காலியா விட்டா ஆடிட்டுல நம்மளைத் தூக்குவான். இந்த வாத்தியாரு ஊரு உலகத்துக்கு ஒரு விதின்னா தனக்கு ஒண்ணும்பாரு. திருப்பிக் குடுலே."

சிவப்பு மையில் எழுதினேன். 'கட்டம் 7 பூர்த்தி செய்யப்படவில்லை. திருப்பப்படுகிறது.' கீழே என் சுருக்கொப்பம்.

அந்தக் கட்டத்தில் நானே எழுதியிருக்கலாம். யாரும் கையெழுத்தை ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். எழுதாமல் விட்டது வேலை போய்விடும் என்ற பயத்தாலா, அவர் எழுத மறுத்ததை நான் எழுதக் கூடாது என்ற மரியாதையாலா? பயம் என்று பாதி நாள் தோன்றுகிறது. மரியாதை என்று தோன்றும் நாட்களில் என்னையே சந்தேகிக்கிறேன்.

*

ஜனவரி கடைசி வாரம் வாத்தியார் ஏழாயிரம்பண்ணைக்குப் போய், வெள்ளைத்துரை வீட்டுக்கு எதிரே, வெறுந்தரையில் உட்கார்ந்தார். சாப்பாடு இல்லை, தண்ணீர் மட்டும். அவருக்குத் தெரிந்த ஒரே முறை அது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தது போலத்தான் உட்கார்ந்தார்.

வெள்ளைத்துரை அன்று காலையே குடும்பத்தோடு இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார். "என்ன வாத்தியாரய்யா, கடன் பாக்கியா?"

"ஆமாய்யா."

"அவர் உங்களுக்கா, நீங்க அவருக்கா?"

கடையில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. குருவம்மாள் இறங்கினார். மற்றப் பெண்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் ஒரு செம்பில் கஞ்சித்தண்ணி கொண்டுவந்தார். வாத்தியார் வேண்டாம் என்றார்.

"எந்திரிங்கய்யா. பூட்டின வீட்டு முன்னால யாருக்காக உக்காந்திருக்கீக?"

"உனக்காகத்தாம்மா."

"எனக்குன்னா எழுதிக் குடுங்களேன். இங்கன உக்காந்து என்ன செய்ய?"

வெள்ளைத்துரை வாத்தியாரிடம் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது குருவம்மாளுக்குத் தெரியாது. அதை அவரிடம்கூடச் சொல்ல முடியாமல் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். இரண்டு பகலும் இரண்டு இரவும். மூன்றாம் நாள் காலை தாமே எழுந்தார். பஸ்ஸுக்கு நடந்தபோது இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்ததாகச் சொன்னார்கள். ஜனவரி முடிந்தது. உத்தரவும் முடிந்தது.

*

வீடு வந்து காய்ச்சலில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி வாரத்தில்தான் பாக்கியவதியிடம் முழுவதையும் சொன்னார். அவர் கத்தினாராம். "கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருசமாகப் போகுது. இன்னும் என்ன வாக்கு? போய்ச் சொல்லியிருந்தா அந்தம்மா நிம்மதியா இருந்திருப்பாளே!"

"அவன் சொல்லணும். நான் சொன்னா அது காட்டிக் குடுக்கிறது. நாம ஒருத்தனையும் காட்டிக் குடுத்தது இல்ல."

"குருவம்மாளை?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிப்ரவரி பதினாறாம் தேதி இறந்தார்.

கல்லறைத் தோட்டத்துக்கு வெள்ளைத்துரை ரோஜா மாலையோடு வந்தார். என் தலைவர், என் தலைவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வந்தது, நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பாக்கியவதி அவர் எதிரே போய் நின்றார்.

"மாலையைப் போட்டுட்டுப் போயிராதீக. சொல்லவேண்டியதை இங்கன வச்சுச் சொல்லிட்டுப் போங்க."

"என்னக்கா சொல்லுதீக?"

"உங்களுக்குத் தெரியும்."

வெள்ளைத்துரை சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். அவர் சம்பந்தியும் இருந்தார். வாய் லேசாகத் திறந்தது. ஒரு நிமிடம் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"துக்கத்துல பேசுதாக," என்றார் பக்கத்திலிருந்த ஒருவரிடம். சபைப் பெண்கள் இருவர் பாக்கியவதியைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள்.

அன்று வீட்டில் வைத்துப் பாக்கியவதி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். "அவரு வாக்கு அவரோட போச்சு. எனக்கு ஒரு வாக்கும் இல்ல. நான் எழுதித் தாரேன், எடுத்துக்கிடுவாகளா?" என்று கேட்டார். எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூடச் சிறையிருந்தவர் சொல்லவேண்டும், அல்லது தலைவர். அதுவும் தேதி முடிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பி அனுப்பிய அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஏழாயிரம்பண்ணை போனேன். குருவம்மாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைத்துரை சொன்னது, வாத்தியார் கொடுத்த வாக்கு, காலியாக விட்ட கட்டம், என் சிவப்பு மை. அவர் கைவேலையை நிறுத்தவில்லை.

"அப்ப வாத்தியாரய்யாவுக்கு ரெண்டு வருசமாத் தெரியும்."

"தெரியும்."

"எங்க வீட்டுக்காரரு எழுதிக் குடுக்கலைன்னு நல்லாத் தெரிஞ்சே செத்துப் போயிருக்காரு."

"ஆமா."

பிழிந்த சேலையை உதறினார். "அவுகளுக்கு வெள்ளைத்துரைக்குக் குடுத்த வாக்குப் பெருசு. எங்க வீட்டுக்காரருக்கு வர்றேன்னு சொன்னதும் வாக்குத்தான. பிரஸ்ஸு வாசல்ல வச்சுச் சொன்னது. அது முந்தியது. அதை ஏன் தம்பி மறந்தாரு?"

வாத்தியார் மறக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மறக்கவில்லை என்பது அவருக்கு எந்த விதத்தில் ஆறுதல் என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன். பத்திரத்தை நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கண்டு, திரும்பக் கொடுத்துவிட்டார்.

இதை எழுதும் 1969இலும் குருவம்மாள் அதே வேனில்தான் வேலைக்குப் போகிறார். வாத்தியார் ஊர்க்காவலனுக்கு ஒரு நடை வருகிறேன் என்றார், போகவில்லை. குருவம்மாளுக்கு ஒரு தாள் வாங்கித் தருகிறேன் என்றார், தரவில்லை. மதுரைச் சிறையின் பதிவேட்டில் ஆறு மாதமும் இருந்தவர் இன்றுவரை தொண்டன் ஒன்பது, தகப்பனார் பாரதம்.